பழைய மாடி ஃபிளாட்டைப் புதுப்பிக்கறதுக்கு முன்னாடி கூரையைப் பாருங்க

மயிலாப்பூர்லயோ தி.நகர்லயோ, எழுபது எண்பது வருஷப் பழைய கட்டடத்துல ஒரு மேல்மாடி ஃபிளாட். அதை அமைதியா வாழற மாதிரி மாத்தணும். எங்கேருந்து ஆரம்பிக்கறது? பெயின்ட் கலர்லேருந்து இல்ல, கூரையிலேருந்து.

அந்தக் காலத்துக் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களுக்கு மேல சின்னச் செங்கல்லை மூலைவாட்டா நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்துல கட்டுவாங்க. மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு அடுக்கு, கடைசியில தட்டோடு.

ஒழுகினா உடனே சிமென்ட் பூசிடலாம்னு சொல்வாங்க. அங்கதான் பிரச்சினை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே பிடிச்சு வெச்சிடும். சுவருக்குள்ள இருக்கற உத்தரத்தோட முனைதான் முதல்ல உளுத்துப்போகும். அதுக்குக் கீழ ஃபால்ஸ் சீலிங் போட்டா, உளுத்தது கண்ணுக்கே தெரியாது. அதனால முதல்ல ஒவ்வொரு முனையையும் தட்டிப் பாருங்க. பழைய கோடை, ஏன் அப்படி எழுதினாங்கன்னு புரியாம மாத்தக் கூடாதுன்னு நாங்க சொல்வோம். இதுவும் அதேதான்.

இப்பவும் இந்த வேலை நடக்குமான்னா, நடக்கும். 2012 தீ விபத்துல கூரை போன சேப்பாக்கம் கலஸ் மஹாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு, தேக்குன்னு பழைய முறையிலேயே மீட்டெடுத்தாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணியில சுண்ணாம்பைக் குழைக்கற கொத்தனார்கள் இன்னும் இருக்காங்க. ஆனா சுண்ணாம்பு மெதுவாத்தான் இறுகும், அவசரப்படக் கூடாது.

மத்ததெல்லாம் சுலபம். கனமான சுவர் தெருச் சத்தத்தைக் குறைக்கும். வயரிங்குக்காக அதைக் கொத்தாம வெளிக்குழாய்ல கொண்டு போங்க. பின்னாடி சேர்த்த தடுப்புகளை எடுத்துட்டா மத்தியானக் கடல்காத்து வீட்டைக் கடந்து போகும். சிவப்பு ஆக்சைடு தரை இருந்தா மேல டைல்ஸ் ஒட்டாதீங்க, பாலிஷ் போதும்.

செலவு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு. 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிச்சாலே கட்டடத்தை இடிச்சுத் திரும்பக் கட்டலாம். உங்க கட்டடத்துக்கு அது பொருந்துமான்னு வக்கீல்கிட்ட கேளுங்க. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்களோட உட்கார்ந்து பேசுங்க. கூரை எல்லாருக்கும் பொது. நீங்க மட்டும் காப்பாத்த முடியாது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.