தற்செயலாகக் கிடைத்த ‘கரம் ஹவா’

(திரைப்பட ரசனை முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

பகல் முழுதும் உழைத்துக் களைத்த தொழிலாளி ஒருவர் இரவில் தொலைக்காட்சியின் முன் அமர்கிறார். ஓர் அலைவரிசையில் கூச்சலான விவாதம்; அடுத்ததில் முடிவில்லாத குடும்பத் தொடர்; இன்னொன்றில் விளம்பரம். பொத்தானை அழுத்திக்கொண்டே போன விரல் திடீரென நிற்கிறது. ரயில் நிலையத்தில் உறவினரை வழியனுப்பிவிட்டுக் குதிரை வண்டியில் திரும்புகிறார் ஒரு முதியவர். அந்த முகத்தைக் கண்ட தொழிலாளி, படம் முடியும் வரை இருக்கையை விட்டு எழுவதில்லை.

எம்.எஸ்.சத்யு இயக்கிய ‘கரம் ஹவா’, அதாவது ‘வெப்பக் காற்று’, இப்படித்தான் பலரை வந்தடைந்திருக்கிறது. நட்சத்திரப் பகட்டும் சண்டைக் காட்சியும் இல்லாத படம் அது.

தேசப் பிரிவினைக்குப் பிந்தைய ஆக்ரா நகரம். காலணி உற்பத்தி செய்யும் சலீம் மிர்சா இந்தியாவை விட்டுப் போக மறுக்கிறார். அண்ணனோ பாகிஸ்தானுக்குப் போய்விடுகிறார். அவர் பெயரில் இருந்த குடும்ப வீடு பறிபோகிறது. கடன் தர வங்கி தயங்குகிறது. வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. வேவு பார்த்ததாகப் பழியும் விழுகிறது. மகளின் தற்கொலை அவரை நொறுக்குகிறது. பிறந்த மண்ணிலேயே ஒரு மனிதன் எப்படி அந்நியனாக்கப்படுகிறான் என்பதைப் படம் உரக்கப் பேசாமலேயே உணர்த்திவிடுகிறது. வீட்டைக் காலி செய்யும் நாளில் வயது முதிர்ந்த தாய் வர மறுத்து ஒளிந்துகொள்ளும் காட்சி ஒன்றே போதும்.

இஸ்மத் சுக்தாயின் கதைக்குக் கைஃபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும் திரைக்கதை எழுதினர். சலீம் மிர்சாவாக வாழ்ந்த பல்ராஜ் சாஹ்னி, படம் திரைக்கு வருமுன்பே 1973 ஏப்ரலில் மறைந்தார். இவர்களில் பலர் 1943இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றமாகிய ‘இப்டா’வின் பாசறையில் வளர்ந்தவர்கள். படத்தின் மூலதனத்தில் முக்கியப் பங்கு, அரசின் திரைப்பட நிதிக் கழகம் அளித்த கடன். வகுப்பு அமைதி குலையும் என்று கூறித் தணிக்கைத் துறை அதை மாதக்கணக்கில் முடக்கியது. அதே படம்தான் பின்னர் தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதைப் பெற்றது!

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மக்கள் பணத்தில் உருவான படம் மக்கள் கண்ணில் படுவது ஏன் தற்செயலாக இருக்க வேண்டும்? 1980களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகல்களில் விருது பெற்ற மாநில மொழிப் படங்களை ஒளிபரப்பியது. வங்காளத்தின் விவசாயியையும் கேரளத்தின் சிதையும் தறவாட்டையும் பிற மாநிலத்தவர் தம் வீட்டிலிருந்தே கண்டனர். தாராளமயம் வந்தபின் விளம்பரதாரரின் கணக்கே திரையை ஆளத் தொடங்கியது. 2022இல் திரைப்படப் பிரிவு, தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஆகியவை தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டன. பொதுச் சொத்தான அந்தப் படங்களின் எதிர்காலம் குறித்துத் திரைக்கலைஞர்கள் கவலை தெரிவித்தனர்.

மக்கள் நல்ல படங்களை விரும்புவதில்லை என்பது முதலாளிகள் பரப்பும் பொய். பொத்தானை அழுத்திய அந்த விரல் நின்றதே அதற்கு மறுப்பு. மக்களுக்கு ரசனை இல்லாமல் இல்லை; அவர்களுக்கு வாய்ப்புத்தான் மறுக்கப்படுகிறது. நல்ல படங்களுக்கென முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட நேரத்தைப் பொது ஒளிபரப்பு நிறுவனம் ஒதுக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அது நிறைவேறும் வரை கிளைகளும் தொழிற்சங்க அலுவலகங்களும் மாதம் ஒரு படத்தைத் திரையிட்டு விவாதிக்கலாம். ஒரு வெள்ளைத் துணியும் ஓர் ஒளிவீச்சுக் கருவியும் போதும்.

படத்தின் இறுதியில் சலீம் மிர்சா மனமுடைந்து பாகிஸ்தான் ரயிலைப் பிடிக்கப் புறப்படுகிறார். வழியில் வேலை கேட்டு முழங்கும் ஊர்வலம் எதிர்ப்படுகிறது. மகன் இறங்கி அதில் கலக்கிறான். தந்தை மனைவியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, தாமும் அந்த ஊர்வலத்தில் நடக்கிறார். தனிமையில் தோற்ற மனிதர் மக்களோடு சேர்ந்து மீண்டும் நிமிர்கிறார்.

அந்தக் காட்சி எந்த உழைப்பாளியின் கண்ணுக்கும் தப்பிவிடக் கூடாது, தோழர்களே!