டாம் மாமாவின் குடிசையில் பெண்கள்

(கட்சிப் படிப்பு வட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் ‘டாம் மாமாவின் குடிசை’ 1851 ஜூனில் ‘நேஷனல் ஈரா’ வார ஏட்டில் தொடராகத் தொடங்கியது. 1852 மார்ச்சில் நூலாக வெளிவந்து, முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஏறத்தாழ 3 லட்சம் படிகள் விற்றது. அடிமை முறையைச் சாடிய புதினம் என்ற வகையில் அதை அறியாதார் இலர். பெண்களின் வரலாற்றுக்கும் அது ஒரு சாட்சியம். சொல்லியதால் மட்டுமன்று, சொல்லத் தயங்கியதாலும்.

கென்டக்கியின் பண்ணை முதலாளி ஷெல்பி கடனை அடைப்பதற்காக டாமையும், எலைசாவின் சின்னஞ்சிறு மகனையும் விற்கிறார். மகனை அணைத்துக்கொண்டு, பனிப்பாளங்கள் மிதக்கும் ஒஹையோ ஆற்றைத் தாவிக் கடக்கிறாள் எலைசா. பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று 1662-இலேயே வர்ஜீனியாவில் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. தந்தை வெள்ளை முதலாளியே ஆனாலும், அடிமைத்தாய் பெற்ற பிள்ளை அடிமையே. அவளது கருப்பையே முதலாளியின் சொத்தைப் பெருக்கும் கருவியாயிற்று. எலைசா தூக்கிக்கொண்டு ஓடியது, சட்டத்தின் பார்வையில், பிறர் உடைமையை.

மறுகரையில் அவள் தஞ்சம் புகும் வீடு செனட்டர் பேர்டினுடையது. ஓடிவரும் அடிமைகளுக்கு உதவுவதைத் தடுக்கும் சட்டத்தை ஆதரித்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார் அவர். வாக்குரிமையற்ற மனைவியோ அந்தச் சட்டத்தை மீறியே தீருவேன் என்கிறாள். இறந்த தன் குழந்தையின் உடைகளை எலைசாவின் மகனுக்கு எடுத்துக் கொடுக்கிறாள். 1849-இல் காலராவுக்குத் தம் குழந்தையைப் பறிகொடுத்தவர் ஸ்டோ. அரசியலுக்குள் நுழைய அன்றைய நடுத்தர வர்க்கப் பெண்ணுக்குத் திறந்திருந்த வாயில் தாய்மை ஒன்றே. 1853-இல் பிரிட்டன் சென்றபோதுகூட, பொதுக்கூட்டங்களில் ஸ்டோ பேசாமல் அமர்ந்திருக்க, கணவரும் சகோதரரும் அவர் சார்பில் பேசினர்!

அந்தப் பயணத்தில் அவரை விருந்தோம்பியவர் சதர்லண்ட் கோமாட்டி. அவர் தலைமையில் பிரிட்டிஷ் சீமாட்டிகள் அமெரிக்கப் பெண்களுக்கு விடுத்த அடிமை ஒழிப்பு வேண்டுகோளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கையொப்பமிட்டனர். மார்க்ஸ் அதே ஆண்டு ‘நியூயார்க் டிரிப்யூன்’ இதழில் இதன் மறுபக்கத்தை எழுதினார். கோமாட்டியின் மாமியார் 1814 முதல் 1820 வரை ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்திலிருந்து 15,000 பேரைக் குடிபெயர்த்து, அந்த நிலத்தை ஆட்டுப் பண்ணையாக்கியவர். அடுத்த ஆண்டு வெளியிட்ட பயண நூலில் ஸ்டோ அந்தக் குடும்பத்துக்குப் பரிந்தே எழுதினார். கண்ணீர் வர்க்க எல்லையைத் தாண்டவில்லை.

நிற எல்லையையும்தான். வட கரோலினாவில் முதலாளியின் பாலியல் தொல்லைக்குத் தப்பி, பாட்டி வீட்டுக் கூரையடியில் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஒளிந்திருந்தவர் ஹாரியட் ஜேக்கப்ஸ். தம் கதையை எழுத உதவுமாறு அவர் தோழி ஒருவர் வழியாக ஸ்டோவைக் கேட்டபோது, அதைத் தம் அடுத்த நூலுக்குச் சான்றாகச் சேர்த்துக்கொள்ளவே ஸ்டோ விரும்பினார். ஜேக்கப்ஸ் அதற்கு இசையவில்லை. பிள்ளை பராமரிக்கும் வேலைக்கிடையே இரவுகளில் தாமே எழுதி, 1861-இல் புனைபெயரில் வெளியிட்டார். எலைசாவைப் போல மாசற்ற தாயாக அவர் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. அடிமைப் பெண்ணின் உடல் எவ்வாறு வேட்டையாடப்பட்டது என்பதைத் தன்மையிலேயே சொன்னார்.

அதைப் பதிப்பித்த வெள்ளைப் பெண்மணி லிடியா மரியா சைல்டின் கற்பனையே அந்நூல் என்று அறிஞர் பலர் நெடுங்காலம் கருதிவந்தனர். 1980-களில்தான் ஆய்வாளர் ஜீன் ஃபேகன் யெல்லின், ஜேக்கப்ஸின் கடிதங்களைக் கொண்டு அது அவரது சொந்த எழுத்தே என நிறுவினார்.