தூத்துக்குடிக்கு ஒரு நாள் கூடுதலாக

(மூத்தோர் சுற்றுலா குறித்து நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டுச் சுற்றுலா நவம்பரில் திருச்செந்தூருக்கு என்று கமிட்டி சொல்லியிருக்கிறது. காலையில் தரிசனம், அன்று இரவே ரயில். என் வேண்டுகோள் இரண்டு. ஒரு நாள் கூட்டுங்கள். பயணத்தை மழைக்கு முன்னால் வையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

1980-களில் வங்கி எழுத்தராகத் தூத்துக்குடியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஊரைப் பார்த்தேனா என்றால், இல்லை. சனிக்கிழமை மதியம் கவுண்டரை மூடியதும் சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன். பணி ஓய்வுக்குப் பிறகு மனைவியோடு போய்த்தான் நிதானமாகப் பார்த்தேன்.

சென்னையில் இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தூத்துக்குடி. முதல் நாள் ஊருக்குள் பனிமய மாதா பேராலயம். 1713-ல் கட்டியது. ஆகஸ்ட் 5 அன்று திருவிழா. அந்தச் சமயத்தில் கூட்டம் தாங்காது, அதைத் தவிர்த்துவிடலாம்.

அங்கிருந்து ஓட்டப்பிடாரம், வ.உ.சி. பிறந்த வீடு. நான் வணிகவியல் படித்தவன், அதனால் கணக்கில்தான் புத்தி போகும். 1906-ல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துக் கொழும்புக்குக் கப்பல் விட இவ்வளவு பணம் திரட்டியிருக்கிறார். இன்று துறைமுகமே அவர் பெயரில் இருக்கிறது. பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. 1799-ல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையின் நினைவாக 1974-ல் கட்டியதைத்தான் இப்போது பார்க்கிறோம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் எட்டயபுரம், பாரதியார் பிறந்த வீடு.

இரண்டாம் நாள் திருச்செந்தூர் போகும் வழியில் கொற்கை. சங்க காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து, கடல் சில கிலோமீட்டர் விலகிப்போய்விட்டது. இப்போது வயலும் வாழையும்தான். திருச்செந்தூரில் தரிசனம் முடித்து, தெற்கே மணப்பாடு. கடலோர மணல்குன்றின் மேல் சிலுவைக் கோயில், அதன் கீழே புனித சவேரியார் தங்கிய குகை. படிகள் உண்டு, முட்டிவலிக்காரர்கள் கீழே உட்கார்ந்தே கடலைப் பார்க்கலாம். பையில் உடன்குடி கருப்பட்டிக்கு இடம் வையுங்கள். தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. சைவர்கள் பிறகு என்னைத் திட்டக் கூடாது.

இதெல்லாம் எந்த மாதத்திலும் பார்க்கலாம். மழைக்கு முன் என்று நான் கேட்பது உப்பளத்துக்காக.

என் கவுண்டருக்கு ஒரு அம்மா பணம் எடுக்க வருவார். உப்பளத்தில் கூலி வேலை. ஒருநாள் அவருடைய கைநாட்டு பதியவே இல்லை. மூன்று முறை மை தடவினேன். வெறும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது. பின்னால் நீண்ட வரிசை. "நல்லா கை கழுவிட்டு நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "உப்புல கெடந்த கை சார், ரேகை எங்க இருக்கு?" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வந்தார். மேலாளர் பார்த்து, பணம் கொடுத்தோம். நான் அதோடு மறந்துவிட்டேன்.

ஓய்வுக்குப் பிறகு போனபோது, விடியும் முன் ஒரு உப்பளத்துக்குப் போனோம். வெயில் ஏறினால் வெள்ளை உப்பில் கண் கூசும் என்று இருட்டிலேயே வேலை தொடங்கிவிடுகிறார்கள். பாத்திகளில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்போரம் குவிக்கிறார்கள். கேட்டு வாங்கி நானும் ஐந்து நிமிடம் இழுத்தேன். விரலில் இருந்த சிறு கீறலில் அந்தத் தண்ணீர் பட்டதும் எரிந்த எரிச்சலில்தான் அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது. "நாளைக்கு வாங்க" என்று நான் சொன்னதில் அவருக்கு ஒரு நாள் கூலி போயிருக்கும். அது உறைக்க எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

வடகிழக்கு மழை தொடங்கினால் பாத்திகளில் தண்ணீர் நிற்கும், வேலை நின்றுவிடும். நவம்பரில் போனால் நமக்கும் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் போவோம். இரண்டாம் நாள் விடியற்காலை ஒரு மணி நேரம் உப்பளம். முன்கூட்டியே அனுமதி கேட்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நம் 62 வீட்டிலும் தினமும் சாப்பாட்டில் உப்பு போடுகிறோம். அதை வாருகிற கைகளை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வருவோம்.

வரவு செலவுக் கணக்கை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சம்மதிப்பவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.