நீரை அறிய நாம் படிக்க வேண்டிய நூல்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நீர் வேதியியல் பயிலும் மாணவர் எந்தெந்த நூல்களைப் படித்தல் வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். நூற்பட்டியல் ஒன்றை வாசித்துவிட்டு அமர்வது எளிது. ஆயினும், எதற்காகப் படிக்கின்றோம் என்பது தெளிவாகாவிடில் பட்டியலால் பயன் விளையாது. ஆகவே அதனை முதலில் கூறுகின்றோம்.

1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தவும் எவ்வகுப்பினருக்கும் தடை இருத்தலாகாது என்பதே அதன் உட்பொருள். 1927 மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் மக்கள் திரளோடு இறங்கி நீர் அருந்தினார். அக்குளம் பற்றிய வழக்கு 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு கை நீருக்குப் பத்தாண்டு வழக்கு!

நீரைத் தொடும் உரிமைக்கு நம் முன்னோர் போராடினர். தொட்ட நீரில் என்ன இருக்கின்றது என்று அறியும் ஆற்றலை நாம் பெறவேண்டும். 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்த கொடுமையை நாடறியும். அத்தகைய கொடுமை கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாத தீங்குகளோ இன்னும் பல. 'தண்ணீர் சரியில்லை' என்று மனுக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வர். 'இன்ன நாளில், இன்ன கிணற்றில், இன்ன முறையில் ஆய்ந்ததில், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்' என்று எழுதிக் கொடுத்தால் அதனை ஒதுக்குவது எளிதன்று.

இதற்குச் சான்று வேண்டுமாயின், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பைப் படியுங்கள். நம் பட்டியலில் இதுவும் ஒரு பாடநூலே. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்த வரலாறு அதில் உள்ளது. திண்டுக்கல் பகுதியில் 13 ஊர்களில் ஒரு தொண்டு அமைப்பினர் கிணறு கிணறாகக் கணக்கெடுத்தனர். 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்னும் அவர்களுடைய கணக்கு அத்தீர்ப்பின் ஏட்டில் ஏறியிருக்கின்றது. ஊர்க் கிணறுகளை எண்ணியவர் குரல் நாட்டின் உயர்ந்த மன்றம் வரை சென்றதற்கு அந்த எண்ணிக்கையே துணை நின்றது.

இனி நூல்களுக்கு வருவோம்.

முதற்படி, மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் பாடநூல். அதில் அயனிச் சமநிலை, கரைதிறன் பெருக்கம் என்னும் பாடங்களைத் தேர்வுக்காக உருப்போடாமல் பொருளுணர்ந்து படியுங்கள். தருமபுரி, கிருட்டிணகிரி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதன் காரணத்தை அப்பாடமே விளக்கும். பாறையிலுள்ள கால்சியம் ஃபுளூரைடு எளிதில் கரையாதது. நீரில் பைகார்பனேட்டு மிகுந்து கால்சியம் குறைந்துவிட்டால், கரைதிறன் பெருக்கத்தின் விதிப்படி ஃபுளூரைடு மேலும் கரைந்து வரும். பல்லில் கறையும் எலும்பில் வளைவும் அதனால் உண்டாகின்றன. கொதிக்க வைத்தால் அது போகாது; நீர் ஆவியாகச் செறிவுதான் கூடும். இதைத் தாய்மார்களிடம் சொல்லவேண்டிய கடமை மாணவருடையது.

இரண்டாம் படி, சாயரும் மெக்கார்ட்டியும் எழுதிய 'சுற்றுச்சூழல் பொறியியலுக்கான வேதியியல்' என்னும் பொருளுடைய ஆங்கில நூல். பின்னைய பதிப்பில் பார்க்கின் என்பாரும் சேர்ந்துள்ளார். கடினத்தன்மை, காரத்தன்மை, உயிர்வேதி ஆக்சிசன் தேவை ஆகியவற்றை அடிப்படையிலிருந்து கற்பிக்கும் நூல் இது. பழைய பதிப்பு கிடைத்தாலும் போதும். அடிப்படை விதிகள் மாறவில்லை.

மூன்றாம் படி, சுனோயிங்கும் செங்கின்சும் 1980இல் வெளியிட்ட 'வாட்டர் கெமிஸ்ட்ரி'. இதனைக் கையில் எழுதுகோலுடன் படிக்க வேண்டும். கணக்குகளைப் போட்டுப் பாராதவர் இந்நூலைப் படித்தவராகார். இதற்கும் மேலே நிற்பது சுதும், மார்கன் இருவரும் 1970இல் எழுதிய 'அக்குவாட்டிக் கெமிஸ்ட்ரி'. முதுகலை மாணவர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் உரியது. இளங்கலையில் புரியவில்லையே என்று மனந்தளர வேண்டா.

நான்காவது, அமெரிக்க நிலவியல் அளவைத் துறைக்காக சான் ஹெம் எழுதிய நூல். இயற்கை நீரின் வேதிப் பண்புகளை ஆராய்வதும் பொருள் காண்பதும் பற்றியது. அதன் மூன்றாம் பதிப்பு 1985இல் வந்தது. அத்துறை இதனைக் கணினி வழியே விலையின்றித் தருகின்றது. ஆய்வுக்கூட அறிக்கை நம்பத்தக்கதா என்று சோதிக்கும் வழியை இங்கே கற்கலாம். நீர் மின்நடுநிலை உடையது. ஆகவே கால்சியம், மெக்னீசியம், சோடியம் முதலிய நேரயனிகளின் சமான எடைக் கூட்டுத்தொகையும், பைகார்பனேட்டு, குளோரைடு, சல்ஃபேட்டு முதலிய எதிரயனிகளின் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய ஒத்திருத்தல் வேண்டும். பெரிதும் வேறுபட்டால், அளவீட்டில் பிழை இருக்கலாம். அல்லது முக்கிய அயனி ஒன்று கணக்கில் வராமல் விடுபட்டிருக்கலாம். முத்திரை குத்திய அறிக்கையாயினும் இக்கணக்குக்கு உட்பட்டதே.

ஐந்தாவது, 'ஸ்டாண்டர்டு மெத்தட்ஸ்' எனப்படும் ஆய்வுமுறைத் தொகுப்பு. 1905 முதல் பதிப்பிக்கப்பட்டு வருகின்றது. நீரை எப்பாட்டிலில் எடுப்பது, எவ்வளவு நேரத்திற்குள் ஆய்வது என்பன எல்லாம் அதில் உண்டு. மாதிரி எடுத்த முறை தவறானால் விலையுயர்ந்த கருவியும் பொய்யே சொல்லும்.

ஆறாவது, குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. நடப்பில் உள்ளது 2012ஆம் ஆண்டுத் திருத்தம். சில பக்கங்களே கொண்டது. ஆயினும் கூர்ந்து படிக்க வேண்டியது. அதில் இரண்டு பத்திகள் உள்ளன. முதலாவது ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீர்மூலம் இல்லாதவிடத்து மட்டும் அனுமதிக்கப்படும் அளவு. கரைந்த உப்புகள் முதற்பத்தியில் லிட்டருக்கு 500 மில்லிகிராம், இரண்டாவதில் 2000. ஃபுளூரைடு முறையே 1.0, 1.5. நம் குடியிருப்பின் நீரை இரண்டாம் பத்தியைக் காட்டி 'தரமானது' என்று எவரேனும் சொன்னால், ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வேறு நீர்மூலம் உண்மையிலேயே இல்லையா? ஊருக்கு வரும் நல்ல நீர்க் குழாய் நம் தெரு முனையில் நின்றுவிடுமாயின், அது மூலம் இல்லாமை ஆகாது. பங்கீடு இல்லாமையே ஆகும்.

அலகுகளிலும் விழிப்பு வேண்டும். நைட்ரேட்டு 45 மில்லிகிராம் என்பதும், நைட்ரசனாகக் கணக்கிட்டு ஏறக்குறைய 10 மில்லிகிராம் என்பதும் ஒன்றே. இதை அறியாதவர் 30 என்னும் எண்ணைப் பார்த்து வரம்புக்குள் என்று மகிழக்கூடும். அது நைட்ரசன் கணக்காயின் வரம்பைப் போல மும்மடங்கு.

வேதியியலோடு நின்றுவிடாதீர்கள். சான் சுனோ, இலண்டனில் 1854இல் பரவிய வாந்திபேதியால் இறந்தோரின் வீடுகளைக் கணக்கெடுத்து, பிராட் தெருக் குழாயடியே காரணம் என்று காட்டினார். 1855இல் வந்த அவருடைய நூலை வாசியுங்கள். கிருமிக் கொள்கை நிலைபெறாத நாளிலேயே, வீடு வீடாகக் கேட்டு எழுதிய கணக்கு உண்மையை வெளிக்கொணர்ந்தது. ரேச்சல் கார்சனின் 'சைலண்ட் ஸ்பிரிங்', 1962இல் வெளிவந்தது; பூச்சிக்கொல்லியின் தீமையைப் பொதுமக்கள் உணர எழுதும் முறையை அதில் பயிலலாம். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் இருந்தபோது நீர்வளத்துறைக்கு ஆற்றிய பணியை மத்திய நீர் ஆணையம் நூலாக வெளியிட்டுள்ளது. சாதியும் இயற்கையும் பற்றி முகுல் சர்மா 2017இல் எழுதிய நூலும் நம் இளைஞர் கையில் இருத்தல் வேண்டும்.

இவற்றுள் பல ஆங்கில நூல்கள். அதனால் அஞ்ச வேண்டா. ஐவர் கூடி, வாரம் ஓர் இயல் எடுத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் தமிழில் விளக்கிப் பாருங்கள். சங்கத்தின் நூலகத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு படியேனும் வாங்கி வைக்குமாறு நிருவாகிகளை வேண்டுகின்றோம். அதனுடன் ஒரு பதிவேடும் திறப்போம். நம் குடியிருப்புகளின் ஒவ்வொரு கிணறும் குழாயும் தொட்டியும் மழைக்கு முன்னொரு முறை, மழைக்குப் பின்னொரு முறை ஆய்வு செய்யப்பட்டு, நாளும் முறையும் எண்ணும் அதில் ஏறட்டும். ஐந்தாண்டு தொடர்ந்தால், எந்த அலுவலகத்திலும் எந்த மன்றத்திலும் நாம் வெறுங்கையோடு நிற்க மாட்டோம்.

படிப்போம், அளப்போம், எழுதி வைப்போம்.