வேடியப்பனைத் தேடி ஓர் ஆய்வு

தருமபுரி வட்டாரத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வில்லும் வாளும் ஏந்திய வீரர் சிலைகளைப் பார்க்கலாம். அவற்றில் பல, மாடு மீட்கும் சண்டையில் மடிந்தவர்களுக்கு எழுப்பிய நடுகற்கள். பல ஊர்களில் அந்த வீரனே வேடியப்பன், பொங்கலிட்டுக் கும்பிடுகிறார்கள்.

கல்லூரியில் இளங்கலை படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல ஆய்வுக்களம் ஏது? கல்லில் இருப்பது தொல்லியல், அதைச் சுற்றி நடக்கும் வழிபாடு மானுடவியல். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

பக்கத்துச் செங்கம் பகுதியின் எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது! ஒரு நாய்க்கும் அந்தக் கல் வரலாற்றில் இடம் தந்திருக்கிறது.

நடுகல்லோடு, அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையையும் பாருங்கள். 2003இல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தபோது அது தருமபுரி மாவட்டம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அவ்வூர் அதில் சேர்ந்தது. தமிழகத் தொல்லியல் துறை அங்கு மீண்டும் அகழ்ந்து எடுத்த மாதிரிகளால், தமிழகத்தில் இரும்புப் பயன்பாடு பொ.ஆ.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் அகழாய்வு துறையின் வேலை; அனுமதியின்றி மாணவர் மண்ணைத் தோண்டக் கூடாது. தோண்டவும் தேவையில்லை. நடுகல்லின் உயரத்தை அளந்து, அளவுகோலோடு படமெடுத்து, இருப்பிடத்தைக் கைப்பேசியில் குறித்து, பூசை செய்யும் பெரியவரிடம் அவர் சம்மதத்தோடு கதையைக் கேட்டு எழுதலாம். கல்லில் எழுத்து தென்பட்டால் மைப்படி எடுக்கப் பேராசிரியரை அழைக்கலாம். சாலை விரிவாக்கத்தில் கற்கள் இடம் மாறுவதற்குள் இந்தப் பதிவு நடந்தாக வேண்டும்.