கடல் கடந்து வந்தவரும் கைக்கு வராத காகிதமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்ஜினியர் ஆச்சே, தொழில் முன்னேற்றம் பற்றிப் பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதைப் பேச இங்கே பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் நம் ஊருக்குப் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொல்கிறேன்.

தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததா? முத்துச் சலாபம் நடந்த காலத்தில் நம் கரையின் முத்துக்குளிப்பவர்கள் மன்னார் பக்கம் சிலாவத்துறை வரை போய் மூழ்கினார்கள். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது தூத்துக்குடி - கொழும்பு வழிக்காகத்தான். அதே கடல் வழியாக 1983-க்குப் பிறகு உயிருக்குப் பயந்து மக்கள் வந்தார்கள். நம் மாவட்டத்திலேயே தாளமுத்துநகர், குளத்துவாய்பட்டி, தாப்பாத்தி என்று மூன்று முகாம்கள். 2021 கணக்கில் தமிழக முகாம்களில் இருந்தவர்கள் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர்.

இப்போ ஒருத்தரை மனசில வச்சுக்குங்க. ஷெல்லடியில் ஒரு காலை இழந்தவர். 1990-இல் படகேறி வந்தவர். இங்கே ஒரு வழக்கிலும் சிக்கியவர். இந்த மூன்று சுமையும் ஒரே தோளில் ஏறினால் என்ன ஆகும்?

முதலில் குடியுரிமை. 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. முறையான ஆவணம் இல்லாமல் வந்தவர் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ‘சட்டவிரோதக் குடியேறி’. அவர் குடியுரிமைக்கு மனுப் போட முடியாது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு சலுகை வந்தது. 9.1.2015-க்குள் வந்து அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி வந்து தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு. நல்ல காரியம். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, குடியுரிமை உண்டு என்பது வேறு. 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடியில் வந்து இறங்கியவர்களுக்கு இந்தச் சலுகையும் கிடையாது.

இரண்டாவது, உடற்குறை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. யார் மாற்றுத்திறனாளி என்று விளக்கும் இடத்தில் ‘நபர்’ என்றுதான் இருக்கிறது; குடிமகன் என்று இல்லை. நம் மாநில அரசு முகாமில் இருப்பவர்களுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகையை நீட்டித்திருக்கிறது. 2021-இல் முகாம் பணக்கொடையையும் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். மனமாரப் பாராட்டுவோம். ஆனால் காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே வாழ்பவருக்கு அந்தப் பணக்கொடை இல்லை. அதே சட்டம் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. வேலைக்கு மனுப் போடப் போனால் முதல் கேள்வியே குடியுரிமைதான்.

மூன்றாவது, வழக்கு. ‘கேஸ் இருக்கிற ஆளாமே’ என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். என்ன கேஸ் என்று கேட்க வேண்டாமா? பாஸ்போர்ட் இல்லாமல் கரையேறியதும் வழக்கு, ஆஸ்திரேலியாவுக்குப் படகேற முயன்றதும் வழக்கு, உண்மையிலேயே கடுமையான குற்றமும் வழக்கு. மூன்றுக்கும் ஒரே முத்திரை. ஜாமீன் கிடைத்தாலும், தண்டனை முடிந்தாலும், திருச்சி மத்திய சிறை வளாகத்துச் சிறப்பு முகாமில் வைக்கலாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு மனுவைப் பாருங்கள். உபா சட்டத்தில் 7 ஆண்டுத் தண்டனையை முடித்தவர். மனைவி நோயாளி, மகனுக்குப் பிறவி இதயக் கோளாறு. என்னை நாடு கடத்தாதீர்கள் என்று கேட்டார். மனு தள்ளுபடி ஆனது. நாட்டின் பாதுகாப்பு முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மகனின் இதயத்துக்கு எந்தக் கேஸும் கிடையாதே!

‘திரும்பிப் போகலாமே’ என்பார்கள். அதே மே மாதம் ஐ.நா. உதவியோடு பலாலி விமான நிலையத்தில் இறங்கிய முதியவர் ஒருவர், அந்தக் காலத்தில் முறையின்றி நாட்டை விட்டுப் போனதற்காகக் கைதானார். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, விதியை மாற்றுவதாக அந்நாட்டு அமைச்சர் சொன்னார்.

நண்பர்களே, பள்ளியில் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று படித்தோம். தொடர் இணைப்பில் ஒரு பல்பு போனால் எல்லாம் அணையும். இவர் வாழ்க்கையைத் தொடர் இணைப்பில் மாட்டியிருக்கிறோம். வழக்கைக் காட்டிக் குடியுரிமையை மறுக்கிறார்கள். குடியுரிமையைக் காட்டி வேலையை மறுக்கிறார்கள். தண்டனை ஒரு கம்பி, ஊன்றுகோல் வேறு கம்பி. அவற்றைப் பக்க இணைப்பாக்கு என்பதே என் வேண்டுகோள். வழக்கு தன் வழியில் நடக்கட்டும். வைத்தியமும் சான்றிதழும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆவது பிரிவில், மாற்றுத்திறனாளிக்கும் காவலில் இருப்பவருக்கும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. இது பல பேருக்குத் தெரியாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்க நம் மாணவர்களால் முடியும். பழைய காகிதங்களைத் தேடி எடுக்கவும் முடியும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, பிறப்புச் சான்றிதழை வைத்துத்தான் 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 1.7.1987-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 2024 தேர்தலில் அந்தப் பெண் ஓட்டுப் போட்டார். ஒரு காகிதத்தின் பலம் அவ்வளவு!

நம் சங்கத்தில் வக்கீல்கள், டாக்டர்களின் துணைவர்கள், அரசு அலுவலர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளமுத்துநகருக்குப் போவோம். மனு எழுதுவோம், சான்றிதழ் தேடுவோம். வர விருப்பமுள்ளவர்கள் இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.