இரண்டு பெயர், ஒரே கை
(பஞ்சாலைத் தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



நம் சுவர்ப் பத்திரிகைக்குப் படம் போடும் தோழர் கீழே தன் பெயரைப் போடுவதில்லை. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரைப் போலவே அமெரிக்காவில் ஒருவர் இருந்தார்.

ஸிட் ஹாஃப் 1912-ல் நியூயார்க் நகரத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. பதினெட்டு வயதிலேயே 'நியூயார்க்கர்' பத்திரிகைக்குச் சிரிப்புப் படம் விற்றுவிட்டார். பணக்காரர் வீட்டு மேஜையில் கிடக்கும் பத்திரிகை அது. அதற்கு இவர் வரைந்ததோ ஒண்டுக்குடித்தன ஜனங்களை! ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்கள் அதில் வந்தன. இது ஊரறிந்த ஹாஃப்.

ஊர் மறந்துபோனவர் ஏ. ரெட்ஃபீல்ட். 1929-ல் பங்குச் சந்தை சரிந்தது, ஆலைகள் மூடின, லட்சக்கணக்கானோர் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். அந்த நாட்களில் கம்யூனிஸ்ட் கட்சியின் 'டெய்லி ஒர்க்கர்' ஏட்டில் ரெட்ஃபீல்டின் படங்கள் வந்தன. 1935-ல் அவை புத்தகமாயின. 'ஆளும் வர்க்கம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் எழுத்தைத் திருகி, கூரிய நகம் தெரியும்படி அதற்குத் தலைப்பு வைத்தார்.

இந்த ரெட்ஃபீல்டும் ஹாஃபும் ஒரே ஆள்!

அவர் படத்தில் 'சுரண்டல்' என்ற சொல்லைத் தேட வேண்டாம். தொப்பை பெருத்த சீமான், நகை பூண்ட சீமாட்டி, கீழே ஒரே ஒரு வரி. அந்த வரியும் சீமான் வாயிலிருந்து வருவது. அவன் தன் மனதில் பட்டதை வெள்ளையாகச் சொல்கிறான்; அதில் தப்பு இருப்பதாகவே அவனுக்குத் தெரியாது. படித்தவனுக்குச் சிரிப்பு வருகிறது, பின்னாலேயே கோபம் வருகிறது. ஆலை வாசலில் ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசினாலும் நமக்கு இது கைகூடுவதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1939-ல் அதே பெயரில் குழந்தைகளுக்கு ஒரு கதையும் எழுதினார். ஊரே தன்னுடையது என்னும் ஒரு சீமானின் கதை.

பிறகு சிவப்பு வேட்டை வந்தது. கலைஞர்கள் பிழைப்பை இழந்தார்கள். சிலர் சிறை சென்றார்கள். உளவுப் போலீசார் ஹாஃபின் பெயரிலும் ஃபைல் வைத்திருந்தார்கள். ரெட்ஃபீல்ட் மறைந்தார். 1958-ல் வந்த 'டானியும் டைனோசரும்' என்ற குழந்தைப் புத்தகத்தால் ஹாஃபுக்கு உலகப் புகழ் கிடைத்தது. 2004-ல் காலமானார்.

கோழை என்பீர்களா? நான் சொல்ல மாட்டேன். அடுப்பு எரிய வேண்டியவன் நிலை எனக்குத் தெரியும். என் குறை வேறு. அந்தக் கதையை 2008-ல் ஒரு தொகுப்பில் சேர்த்து மீட்டவர்கள் குழந்தை இலக்கியம் ஆராயும் பேராசிரியர்கள். 1935-ஆம் வருஷத்துப் புத்தகம் 2023-ல் மறுபதிப்பாயிற்று. அதற்கு முன்னுரை எழுதிய ஃபிலிப் நெல்லும் அவர்களில் ஒருவரே. எண்பத்தெட்டு வருஷம்! இதை இயக்கத்தார் அல்லவா முதலில் செய்திருக்க வேண்டும்?

நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? நம் பழைய சுவர்ப் பத்திரிகைகளைச் சென்ற வருஷம் தேடினேன். பாதிக்கு மேல் எடைக்குப் போய்விட்டன. உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது கிடந்தால், கரையான் அரித்ததானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டு வாருங்கள்.